1963-இல் போனவர் பம்பாய் மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பி வரும் கதையை எழுதுவது எப்படி?

இறந்துபோன கணவர் ஒருநாள் வீட்டுக்கு வருகிறார். இப்படி ஒரு கதை எழுத ஆசைப்பட்டால் மல்லிகைப்பூ வாசனையையும் நள்ளிரவு நாய் ஊளையையும் முதலில் ஓரமாக வையுங்கள். பயமுறுத்துவதற்கு அவை போதும். பழைய நினைவும் பிரியமும் சாவும் சேர்ந்து வர வேண்டிய கதைக்கு ஒரு வருஷம்தான் முதல் தேவை. அவர் எப்போது இறந்தார்?

நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: இறந்தவருக்கு அவர் போன நாள் வரைக்கும்தான் ஊர் தெரியும். 1963-இல் போனவர் என்று வைத்துக்கொள்வோம். பம்பாயில் ட்ராம் நின்றது 1964 மார்ச் 31 அன்று. கடைசி வண்டி போரிபந்தரிலிருந்து தாதர் வரை ஓடியது. அதனால் நம் மனிதர் இன்றைக்கும் ட்ராமில் வந்து தாதர் டி.டி.யில் இறங்கி, மாட்டுங்காவுக்கு நடந்துதான் வருவார். ட்ராம் டெர்மினஸ் போய் அறுபது வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு இன்னும் டி.டி. என்றுதான் பெயர். சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை அவர் நயா பைசா என்றே சொல்லுவார். இந்த மாதிரி நாலு விஷயம் சரியாக இருந்தால், வந்திருப்பது ஆவி என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

அடுத்தது, எதற்காக வருகிறார் என்பது. புதையல், பழி எல்லாம் வேண்டாம். பாதியில் விட்ட சின்ன வேலை ஒன்று போதும். அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் ஆரே பால் பூத்தில் பால் கார்டைக் காட்டி, காலி கண்ணாடி பாட்டிலைக் கொடுத்துப் பால் வாங்க வேண்டும். மனைவி இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விடியற்காலையில் இவரே போய் வரிசையில் நிற்பார். இப்போது வந்து, "பாட்டில் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்கிறார். அவர்களுடைய காதலைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம் என்பேன்.

கதையின் உயிர் இனிமேல்தான் இருக்கிறது. அவருக்கு வயது முப்பது, அன்றும் இன்றும். அவளுக்கு எண்பத்தைந்து ஆகிவிட்டது. பேரன் வயதில் ஒருவர் கூடத்தில் நிற்கிறார், அவர்தான் கணவர். அவரை எப்படிக் கூப்பிடுவாள்? பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாது. "ஏன்னா" என்று வாய் போகுமா, "வாடா கண்ணா" என்று கை நீளுமா? இந்த ஒரு தடுமாற்றத்துக்கே ஒரு பக்கம் கொடுங்கள், அவசரப்படாதீர்கள். நரைத்த தலையை முந்தானையால் மூடுவாளோ என்னவோ. வருஷா வருஷம் அவர் திதிக்குச் சமைத்துக் காக்காய்க்குச் சோறு வைத்தவள் அவள். எனக்கென்னவோ, அவள் முதலில் கேட்பது "சாப்பிட்டேளா?" என்பதாகத்தான் இருக்கும்.

கனவா, நிஜமா என்று பேரனை விட்டு விளக்க வைக்காதீர்கள். சாவைப் பற்றி அவரைப் பேச வைக்கவும் வேண்டாம், அவருக்குத் தான் இறந்ததே தெரியாது. அவளுக்குத் தெரியும். சொல்லுவதா, காலி பாட்டில் ஒன்றைத் தேடிக் கையில் கொடுத்து அனுப்புவதா? இதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். எதை எழுதும்போது உங்களுக்குக் கை நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ட்ராமில் போன மாமி யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பூத் திறக்கும் நேரம், பாட்டில் மூடியின் நிறம் என்று அவர் திருத்திக்கொண்டே வருவார். பக்கத்தில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.