பழைய பிரெஞ்சுத் தேவாலயத்தில் எந்தப் பகுதி எப்போது எழுந்தது? சான் தெனியை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பிரான்ஸில் இடைக்காலத் தேவாலயம் ஒன்றுக்குப் போனால் வாசல் பலகையில் "12ஆம் நூற்றாண்டு" என்று இருக்கும். உள்ளே போனால் ஒரு பக்கம் தடித்த தூண்களும் இருட்டும், இன்னொரு பக்கம் சுவரே தெரியாத அளவுக்குக் கண்ணாடியும் இருக்கும். ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்ட பெரிய தேவாலயம் அங்கே மிக அரிது. பணம் தீர்ந்துபோகும், தீப்பிடிக்கும், மடாதிபதி இறந்துபோவார், அடுத்து வருபவர் இன்னும் பெரிய சாளரம் வேண்டும் என்பார். அந்த அடுக்குகளை நாமே பிரித்துப் பார்க்கலாம். அதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது பாரிஸுக்கு வடக்கே இருக்கும் சான் தெனி பேராலயம். பிரெஞ்சு அரசர்களில் பெரும்பாலோர் அடக்கம் செய்யப்பட்ட இடம். மெட்ரோ 13ஆம் தடத்தில் போய் இறங்கலாம். நீளம் 108 மீட்டர், நடுக்கூடத்தின் உயரம் 29 மீட்டர். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கட்டடம் எனக்குத் தெரியவில்லை. வெவ்வேறு காலத்து வேலை இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. ஒரு முக்கியக் கட்டத்தைக் கட்டியவரே அதைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறார்.

தொடங்கும் முன் ஒரு விதி: முதலில் வரிசை, பிறகுதான் ஆண்டு. எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் கல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆண்டை முதலில் படித்துவிட்டால், கண் அதற்கேற்ற மாதிரியே பார்க்க ஆரம்பித்துவிடும்.

படி 1: தரைப்படத்தை அச்செடுங்கள்

இணையத்தில் சான் தெனியின் தரைப்படம் எளிதாகக் கிடைக்கும். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று கிறுக்க, ஒன்று கடைசியில் வண்ணம் தீட்ட. நேரில் போவதானால் சின்ன பைனாகுலர் ஒன்று கட்டாயம். வீட்டிலிருந்தே செய்வதானால் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தின் 'பாப்' தளத்தில் பழைய போட்டோக்கள் உண்டு. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'கலிக்கா' தளத்தில் பழைய அச்சுப் படங்கள் கிடைக்கும்.

நீளவாக்கில் அடுத்தடுத்து வரும் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தை அங்கணம் என்று வைத்துக்கொள்வோம். மேற்கு வாசலிலிருந்து கிழக்கே பலிபீடம் வரை ஒவ்வொரு அங்கணத்துக்கும் எண் போடுங்கள். பிறகு எடுக்கும் ஒவ்வொரு போட்டோவையும் அந்த எண்ணோடு சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் எந்தத் தூண் எங்கே இருந்தது என்று பிற்பாடு தெரியாது.

இப்போது படத்தில் கருப்பாக இருக்கும் பகுதிகளை, அதாவது சுவர்களையும் தூண்களையும் மட்டும் பாருங்கள். மேற்கே கோபுரங்களைச் சுமக்கும் பருத்த தூண்கள். நடுவில் ஒரே சீரான, மெலிந்த வரிசை. கிழக்கே அரைவட்டமாக வளையும் இரட்டைச் சுற்றுப்பாதை, அதன் ஓரத்தில் ஒன்றையொன்று ஒட்டிய சிற்றாலயங்கள், நடுவே ஒல்லியான தூண்கள். ஒரு கல்லைக்கூடப் பார்க்காமலேயே குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டது அல்லவா? அதை எழுதி வையுங்கள்.

படி 2: ஒட்டு எங்கே என்று தேடுங்கள்

முழு வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதற்கு நேரம் கொடுங்கள்.

சுவரில் கற்கள் கிடைமட்ட வரிகளாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வரியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போய்க்கொண்டே இருங்கள். திடீரென்று அந்த வரி நின்று, அடுத்த பக்கத்தில் வேறு உயரத்தில் வேறு வரி தொடங்கினால், அங்கே இரண்டு வேலைகள் சந்திக்கின்றன. எது எதன்மேல் சாய்ந்திருக்கிறதோ, எது எதை மூடுகிறதோ, அது பிந்தியது. பழைய சாளரத்தைப் புதுச் சுவர் பாதி மறைத்திருந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சான் தெனியில் மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்ததும், தாழ்ந்த, இருண்ட முன்மண்டபத்தில் நிற்பீர்கள். தடித்த தூண்கள், கனமான வளைகூரை. அதைத் தாண்டியதும் கூரை மேலே எழும்பி, இரண்டு பக்கமும் வெளிச்சம் கொட்டுகிறது. அந்த எல்லையில் தூண்களின் வடிவமும் உயரமும் பொருந்தவில்லை. இது முதல் ஒட்டு.

இரண்டாவது ஒட்டைப் பலரும் தவறவிடுவார்கள், ஏனென்றால் அது படுக்கைவாட்டில் போகிறது. கிழக்கு முனைக்குப் போய்ச் சுற்றுப்பாதையில் நில்லுங்கள். கண் மட்டத்தில் ஒல்லியான தூண்கள், அவற்றின் மேல் விலா வளைவுகள், சிற்றாலயங்களின் சாளரங்கள். இப்போது பலிபீடத்துக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். கீழ் வளைவுகளுக்கும் மேல் சாளரங்களுக்கும் இடையே ஓடும் ஒடுக்கமான நடு மாடப்பாதையின் பின்சுவரே கண்ணாடியாக இருக்கிறது. அதற்கு மேல் பிரம்மாண்டமான சாளரங்கள். கீழே இருப்பது ஒரு காலம், அதன் தலைமேல் அமர்ந்திருப்பது சுமார் 90 ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு காலம். மேல்பாரம் கூடியதால் அரைவட்டத்தில் நின்ற பழைய தூண்கள் போதவில்லை. சுற்றுப்பாதையின் வளைகூரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த தூண்களை மட்டும் எடுத்துவிட்டுத் தடித்த தூண்களை வைத்தார்கள். ஆகவே அந்த இடத்தில் தூண் பிந்தியது, அது தாங்கும் சுற்றுப்பாதைக் கூரை முந்தியது. அதைச் செய்துகாட்டிய கொத்தர்களை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்புறம் நிலவறைக்கு இறங்குங்கள். அங்கே இன்னும் பழைய சுவர்கள் இருக்கின்றன: 8, 9ஆம் நூற்றாண்டுகளின் தேவாலயத்துடைய மிச்சம். அதைச் சுற்றி அணைத்த மாதிரி 12ஆம் நூற்றாண்டு நிலவறை போகிறது. அணைப்பதுதான் பிந்தியது.

படி 3: தூணின் அடியையும் தலையையும் ஒப்பிடுங்கள்

ஒட்டுகளைக் கண்டுபிடித்த பிறகு, எந்தெந்தப் பகுதிகள் ஒரே கூட்டத்தின் வேலை என்று பார்க்க வேண்டும். கொத்தர்கள் தூண் அடி, விலா வளைவு, சாளர விளிம்பு எல்லாவற்றையும் மரத்தில் வெட்டிய அச்சுப் பலகையை வைத்துத்தான் செதுக்கினார்கள். மடிப்புக்கு மடிப்பு ஒரே வடிவம் இரண்டு இடங்களில் வந்தால், ஒரே பலகை அல்லது ஒரே பட்டறை என்று ஊகிக்கலாம். இலை அலங்காரத்தைவிட இந்தச் சான்றை நான் அதிகம் நம்புவேன். அழகான இலையை யாரும் பார்த்துச் செதுக்கலாம். யாரும் கவனிக்காத ஒரு மடிப்பை ஏன் நகலெடுக்கப்போகிறார்கள்?

பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுத்து, விளிம்புக் கோட்டை மட்டும் தாளில் வரையுங்கள். பொதுவாக 12ஆம் நூற்றாண்டில் தூணின் தலைக்கு மேலுள்ள பலகைக் கல் சதுரமாகவும், தூண் அடியின் நான்கு மூலைகளில் சின்ன இலை நகங்களோடும் இருக்கும். 13ஆம் நூற்றாண்டு போகப் போக அந்தப் பலகை பலகோணமாகும், தூண் அடி தட்டையாகிப் பிதுங்கும். சான் தெனியின் நடுக்கூடத்தில் மெல்லிய கம்பம் போன்ற துணைத்தூண்கள் தரையிலிருந்து கூரை வரை தடையில்லாமல் ஏறுவதைக் கவனியுங்கள். முன்மண்டபத்தில் இந்தப் பழக்கம் இல்லை.

படி 4: கண்ணை ஏமாற்றும் கற்களைக் கழியுங்கள்

நடுக்கூடத்தைச் சிலுவையின் கைபோல் குறுக்கே வெட்டும் பகுதிதான் குறுக்குக் கூடம். அதன் வடக்குப் பக்கத்தில் 'வலுவா வாசல்' என்று ஒன்று உண்டு. சிற்பங்கள் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, ஆனால் அவை நிற்கும் சுவர் 13ஆம் நூற்றாண்டு. பழைய வாசலைக் கழற்றிப் புதுச் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். சிற்பத்தை மட்டும் பார்த்துச் சுவருக்கு வயது சொன்னால் தப்பாகிவிடும். நடுக்கூடத்தின் வடக்கே உள்ள சிற்றாலயங்களும் அப்படித்தான்: 14ஆம் நூற்றாண்டில் முட்டுச் சுவர்களுக்கு இடையே சேர்க்கப்பட்டவை.

பழுதுபார்ப்பு இதைவிடச் சிக்கலானது. மேற்கு வாசல்களின் தூண் சிலைகளை 1771இல் அகற்றிவிட்டார்கள். அவை எப்படி இருந்தன என்பது 1729இல் அச்சான படங்களால் தெரிகிறது. சில தலைகள் மட்டும் அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கின்றன. 1837இல் வடக்குக் கோபுரத்தில் இடி விழுந்தது. கட்டடக் கலைஞர் தெப்ரே அதன் உச்சியை மீண்டும் கட்டினார். பாரம் தாங்காமல் விரிசல் விட்டது. 1840களில் முழுக் கோபுரத்தையும் பிரித்து இறக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் முகப்பு இன்று ஒற்றைக் கோபுரத்தோடு நிற்கிறது. வாசல் சிற்பங்களிலும் 19ஆம் நூற்றாண்டு உளி நிறையவே பட்டிருக்கிறது. தரையைக்கூட ஒருமுறை உயர்த்தினார்கள். பிறகு தெப்ரேக்கு அடுத்து வந்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் அதை மறுபடி இறக்கினார். ஆகவே விளிம்பு கூர்மையாக, நிறம் ஒரே சீராக இருக்கும் கல்லைக் கண்டால் ஓரமாகக் குறித்துவிட்டு நகருங்கள். அது சாட்சி சொல்லத் தகுதியற்றது.

படி 5: இப்போது ஆவணத்தைத் திறக்கலாம்

சான் தெனிக்குக் கிடைத்த பேறு மடாதிபதி சூஜே. 1122 முதல் 1151 வரை பொறுப்பில் இருந்தவர். தன் கட்டட வேலையைத் தானே லத்தீனில் விவரித்திருக்கிறார். மேற்கு முகப்பின் அர்ச்சிப்பு, அதாவது அதைப் புனிதப்படுத்தும் சடங்கு, 1140 ஜூன் 9. அடுத்த மாதமே, ஜூலை 14 அன்று, அரசர் ஏழாம் லூயி முன்னிலையில் கிழக்கு முனைக்கு அடிக்கல். 1144 ஜூன் 11இல் அர்ச்சிப்பு. பழைய நடுக்கூடத்தின் மையமும் புதுப் பகுதியின் மையமும் நேராக வரும்படி அளவுக் கருவிகளைக் கொண்டு பார்த்ததாகவும் எழுதுகிறார். அதாவது, அப்போது பழைய கூடம் நடுவில் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆனால் அர்ச்சிப்பு நாள் என்பது வேலை முடிந்த நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழக்கு வேலை மூன்று ஆண்டு மூன்று மாதத்தில் முடிந்தது என்கிறார் சூஜே. அடிக்கல்லிலிருந்து அர்ச்சிப்பு வரை எண்ணினால் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு வருகிறது. விழாவுக்கு அரசரும் ஆயர்களும் வர வேண்டும், நல்ல பருவம் அமைய வேண்டும். சில இடங்களில் பாதி வேலையிலேயே அர்ச்சிப்பு நடந்துவிடும். மேலும் சூஜே தன் பெருமையைப் பாடுவதற்காகவும் எழுதியவர். கல் சொல்வதோடு ஒத்துப்போகும் இடத்தில் அவரை நம்புங்கள்.

அடுத்த பெரிய கட்டம் 1231இல் மடாதிபதி ஓத் கிளெமான் காலத்தில் தொடங்கி 1281 வரை போனது. கிழக்கு முனையின் மேல்பகுதி, குறுக்குக் கூடம், நடுக்கூடம் எல்லாம் அப்போது எழுந்தவை.

படி 6: ஆய்வகச் சான்று இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்

இது நம் கையில் இல்லை, வெளியான முடிவுகளைப் படித்தால் போதும். கூரை மரத்தின் ஆண்டு வளையங்களின் அகல வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, மரம் வெட்டப்பட்ட ஆண்டைச் சொல்லலாம். ஆனால் மரக்கூரை எரிந்துபோன இடங்களில் அதற்கு வழியில்லை. 1836 தீக்குப் பிறகு சார்த்ர் பேராலயத்துக்கு இரும்புச் சட்டக் கூரைதான். பாரிஸ் நோத்ர தாமில் 2019 தீக்குப் பின், கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை ஆராய்ந்தார்கள். அவை 1160களிலேயே, கட்டும்போதே, போடப்பட்டவை என்று தெரியவந்தது.

படி 7: வண்ணம் தீட்டுங்கள்

இரண்டாவது பிரதியை எடுங்கள். நிலவறையின் மையத்துக்கு ஒரு நிறம் (775இல் அரசர் சார்லமாஞ் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்ட தேவாலயமும் 832இன் கிழக்கு நீட்சியும்). மேற்கு முன்மண்டபத்துக்கு இரண்டாவது. சுற்றுப்பாதைக்கும் வெளி நிலவறைக்கும் மூன்றாவது. நடுக்கூடம், குறுக்குக் கூடம், அரைவட்டத் தூண்கள் நான்காவது. வடக்குச் சிற்றாலயங்கள் ஐந்தாவது. 19ஆம் நூற்றாண்டுக்குக் கோடு போட்ட நிழல். கிழக்கு முனைக்கு ஒரு குறுக்குவெட்டுப் படமும் வேண்டும், ஏனென்றால் கீழ்-மேல் வித்தியாசத்தைத் தரைப்படம் காட்டாது.

ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் சான்றை எழுதுங்கள்: ஒட்டு, விளிம்பு வடிவம், ஆவணம். ஒரே ஒரு சான்று மட்டும் இருந்தால் பென்சிலில் எழுதுங்கள், இரண்டு மூன்று ஒத்துப்போனால் மையில்.

தீட்டி முடித்ததும் தேவாலயத்தின் இரண்டு ஓரங்களும் பழையவை, நடு மட்டும் புதியது என்பது பளிச்சென்று தெரியும். சூஜே முன்னும் பின்னும் கட்டிவிட்டு, நடுவை மாற்றிக் கட்டி முடிக்கும் முன் இறந்துபோனார். சுமார் 90 ஆண்டுகள் அந்தப் பழைய கூடம் இரண்டு புதுக் கட்டடங்களுக்கு நடுவே அப்படியே நின்றது.

இதே முறையை அடுத்து லெ மான் நகரின் சான் ஜூலியான் பேராலயத்தில் செய்து பாருங்கள். அங்கே நடுக்கூடம் பழையது, 1158இல் அர்ச்சிக்கப்பட்டது. கிழக்குப் பகுதி 1217க்குப் பிறகு, அரசர் பிலிப் அகுஸ்த் நகர மதிலை உடைக்க அனுமதி தந்ததும் தொடங்கி 1254இல் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கூடம் 14, 15ஆம் நூற்றாண்டு வேலை. அங்கே முதல் ஒட்டைக் குறுக்குக் கூடத்தின் மேற்குச் சுவரில் தேடத் தொடங்குங்கள்.