கோடை மழை எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

காலையில் போனில் மஞ்சள் எச்சரிக்கை வருகிறது, கொடியில் காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளி உள்ளே போடுகிறோம், சாயங்காலம் வரைக்கும் ஒரு துளி விழவில்லை. நாலு நாள் இப்படி ஆனால் ஐந்தாம் நாள் யார் அதைத் திறந்து பார்ப்பார்கள்? கோடையில் எச்சரிக்கையை வாரி இறைக்கிறார்கள் என்ற புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாம் படிக்கிற விதத்திலும் கோளாறு இருக்கிறது.

கோடை இடிமேகம் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலம்தான். தனி மேகம் என்றால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆயுசு முடிந்துவிடும். உலை கொதிக்கப்போகிறது என்று சொல்லலாம், முதல் குமிழி எந்த மூலையில் கிளம்பும் என்று சொல்ல முடியாது இல்லையா, அதே கதைதான். அதனால்தான் உங்கள் தெரு காய்ந்து கிடக்க, மூன்று கிலோமீட்டர் தள்ளி மரம் சாய்ந்திருக்கும்.

சரி, செய்தி வந்தால் நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். நேரத்தைப் பாருங்கள். நாள் முழுக்க, பெரிய வட்டாரம் முழுக்க என்றிருந்தால் அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான்; வேலையைப் பாருங்கள், மதியத்துக்கு மேல், மழை மேகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடார் படத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு, இன்ன பகுதிக்கு என்று வந்தால் மேகம் பெரும்பாலும் ஏற்கெனவே ரேடாரில் தெரிகிறது என்று அர்த்தம். அப்போது யோசிக்க வேண்டாம், உள்ளே போங்கள்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் மஞ்சளில் இரண்டு வகை அடங்கும்: நடக்க நிறைய வாய்ப்பு, ஆனால் சேதம் கொஞ்சம், இல்லையென்றால் வாய்ப்பு கொஞ்சம், நடந்தால் சேதம் பெரிது. இரண்டாவது வகை பல நாள் பொய்க்கத்தான் செய்யும். ஆகவே எச்சரிக்கையில் நிறத்துக்குக் கீழே இருக்கும் விவரத்தைப் படிக்காமல் திட்டாதீர்கள். (படித்துவிட்டுத் திட்டினால் நியாயம்.)

எச்சரிக்கையைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் 2007-இல் மாவட்டம் மாவட்டமாக அறிவிப்பதை விட்டு, இடிமேகம் போகும் பாதையை மட்டும் வரைந்து அறிவிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் 2010-இல் எவ்வளவு பெரிய ஆலங்கட்டி என்றால் எச்சரிப்பது என்ற வரம்பையும் 1.9 சென்டிமீட்டரிலிருந்து 2.5-க்கு ஏற்றினார்கள். என்னைக் கேட்டால் எல்லா ஊரிலும் இதைத்தான் செய்ய வேண்டும். அதை விட்டு எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ஒருநாள் மழை சொல்லாமலே அடித்துவிட்டுப் போகும்.

மின்னலுக்கு மட்டும் எந்த நிறத்துக்கும் காத்திருக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். கட்டிடத்துக்குள் போங்கள், இல்லையென்றால் மூடிய காருக்குள். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துதான் வெளியே வர வேண்டும். துணியை எடுப்பதானால் இடிக்கு முன்னால் எடுங்கள், அதற்கப்புறம் நனைந்தால் நனையட்டும்.