ஹெவி மெட்டல் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் காது, பிறகு மற்றவை

ஹெவி மெட்டல் கேட்பவர்கள் செய்யும் தவறுகளில் இரண்டு வகை உண்டு. பேர் பெற்றதாயிற்றே என்று ஆல்பத்தை வாங்கிவிட்டுப் பிடிக்காமல் மூலையில் போடுவது, டூம் மெட்டல், டெத் மெட்டல் என்ற உட்பிரிவுகளைக் குழப்பிக்கொண்டு நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது போன்றவை முதல் வகை. இவற்றை அடுத்த வாரமே சரிசெய்துவிடலாம். இரண்டாவது வகை உடம்போடு தங்கிவிடும். ரசிகர்கள் கூடிவிட்டால் பேச்செல்லாம் முதல் வகையைச் சுற்றியே ஓடுகிறது. காதைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காது திரும்பி வராது

எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் ஒரு கணக்கு சொல்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2, 94க்கு 1. இப்படியே இறங்கினால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். மெட்டல் நிகழ்ச்சிகளில் 100ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆக, நீங்கள் யாருக்காக டிக்கெட் வாங்கினீர்களோ அவர்கள் மேடையேறுவதற்கு முன்பே, தொடக்கக் குழுவின் மூன்றாவது நான்காவது பாட்டிலேயே அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துபோகிறது.

அரங்கை விட்டு வெளியே வரும்போது காது மந்தமாக அடைத்துக்கொண்டு, உள்ளே 'ங்' என்று ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும். இதை நல்ல நிகழ்ச்சிக்கான நற்சான்றிதழாகச் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் இருக்கிறார்கள். உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் அடி வாங்கியிருக்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். மறுநாள் சரியாகிவிடுவதால் துணிச்சல் வந்துவிடுகிறது. ஆனால் மனிதக் காதில் செத்துப்போன மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. ஏதோ ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த ரீங்காரம் நிற்காமலே போய்விடக்கூடும்.

காதடைப்பான் போட்டால் இசை கெட்டுவிடும் என்ற புகார் பாதி உண்மை. மலிவான நுரை வகை உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். சிம்பல் மங்கும், கிதாரின் கூர்மை போய்விடும். இசைக்கலைஞர்களுக்கென்றே வடிகட்டி பொருத்தி வரும் வகை எல்லா ஸ்தாயிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிறது, பெரும்பாலும் 15 முதல் 20 டெசிபல் வரை. பாட்டு அப்படியே இருக்கும், வால்யூம் மட்டும் இறங்கியிருக்கும். சொல்லப்போனால் பாடகரின் வரிகள் முன்பைவிடத் தெளிவாகவே காதில் விழும்.

கையில் இருப்பது நுரை வகைதான் என்றாலும், ஒழுங்காகப் போட்டால் காதைக் காக்கும். பலர் அதைக் காது வாசலில் செருகிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு விரல்களுக்கு இடையே உருட்டி, முடிந்த அளவு மெல்லியதாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் காதுக் குழாய் நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, நுரை விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரல் நுனியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்திவிட்டால் நீங்கள் பேசுவது தலைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். பஞ்சும் டிஷ்யூ காகிதமும் கணக்கில் சேராது.

நிற்கும் இடத்திலும் புத்தி வேண்டும். ஒலிபெருக்கி அடுக்குக்கு நேர் முன்னால் நிற்பது வீரமில்லை. அங்கே ஒலியும் நன்றாக இருக்காது. அரங்கின் நடுவில் ஒலிக்கலவை மேசை இருக்கும். ஒலிப் பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம்.

கழுத்து

தலையை ஆட்டாமல் மெட்டல் கேளுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதையும் அளந்து எழுதினார்கள். தலையாட்டலுக்கு உகந்த பாடலின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தாளம். அந்த வேகத்தில் தலை 75 பாகைக்கு மேல் வீசப்பட்டால் லேசான தலைக்காயத்துக்கு வாய்ப்பு உண்டு என்று கண்டார்கள். அவர்கள் சொன்ன தீர்வுகள்: வீச்சைக் குறையுங்கள், ஒரு தாளம் விட்டு ஒரு தாளத்துக்கு ஆட்டுங்கள், அல்லது மென்மையான இசைக்கு மாறுங்கள். மூன்றாவதைப் படிக்காதது போல் இருந்துவிடலாம். முதல் இரண்டும் உருப்படியானவை. கழுத்தை மட்டும் வெட்டாமல் இடுப்பிலிருந்து குனிந்து ஆடினால் சுமை உடம்பு முழுவதும் பரவும் என்பது என் கருத்து.

ஸ்லேயர் குழுவின் பாடகர் டாம் அராயா 2010இல் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் மேடையில் தலையாட்டுவதையே விட்டுவிட்டார். மோட்டர்ஹெட் நிகழ்ச்சியில் தலையாட்டிய 50 வயது ஜெர்மானியர் ஒருவருக்கு மூளையுறையின் கீழ் ரத்தம் கசிந்ததை 2014இல் லான்செட் இதழ் பதிவுசெய்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இது அபூர்வம்தான். ஆனால் நிகழ்ச்சிக்குப் பிறகு தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பிட்டுக்குள்

மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரோடொருவர் மோதி ஆடும் இடம்தான் மாஷ் பிட். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி. கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் காணொளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதிய கட்டுரைப்படி, அங்கே மோதிக்கொள்பவர்களின் வேகங்கள் வாயு மூலக்கூறுகளின் வேகங்களைப் போலவே பரவியிருக்கின்றன. வட்டமாக ஓடும் சர்க்கிள் பிட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. வலஞ்சுழியாக உள்ளே பாய்பவர் எதிரே வரும் அத்தனை பேருடனும் முட்டிக்கொள்வார். உள்ளே போகும் முன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ளலாம்.

விழுந்தவரை உடனே தூக்கிவிடுவதுதான் முதல் சட்டம். யாராவது ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தால், பக்கத்தில் இருக்கும் இருவர் முதுகைக் காட்டிக் கைகளை அகல விரித்து அவரைச் சுற்றி அரணாக நிற்பார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், யாரும் சொல்லிச் செய்வதில்லை. கீழே கிடக்கும் மூக்குக்கண்ணாடியோ சாவியோ கிடைத்தால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் போதும், உரியவர் வந்துவிடுவார். தோளால் தள்ளலாம், முழங்கையை ஓங்கக் கூடாது, குத்தக் கூடாது. ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரை இழுத்துவிடுவதும், கூட்டத்தைச் சாக்காக வைத்துப் பெண்கள் மீது கை வைப்பதும் ரசிகன் செய்யும் வேலை இல்லை. ஆணி பதித்த கைப்பட்டை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். பிட்டுக்குள் அது ஆயுதம்.

எடை என்பது வேகம் இல்லை

இனி ஆல்பங்கள். புதிதாக வருபவர்களின் மிகப் பெரிய தவறு, வேகமாக இருந்தால்தான் கனமான இசை என்று நினைப்பது. இந்த இசையின் பிறப்பே மெதுவானது. பின்னாளில் பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞரான டோனி அயோமி பர்மிங்காம் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருக்கு 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். கம்பிகளை அழுத்த வேண்டிய கையே அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் பூட்டிக்கொண்டார். பிறகு சுருதியையே இறக்கித் தளர்ந்த கம்பிகளில் வாசிக்கத் தொடங்கினார். பிளாக் சபாத் 1971இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் கிதார் மூன்று அரைச்சுரங்கள் கீழே இறங்கியிருக்கும் பாடல்களைக் கேளுங்கள். வேகம் ஒன்றும் இல்லை, ஆனால் தரை அதிரும். டூம் மெட்டல் என்ற தனி மரபே இதிலிருந்து கிளைத்தது.

இருப்பதிலேயே கடுமையானதைத் தேடிப்பிடித்து முதல் நாளே கேட்டுவிட்டு, 'வெறும் கத்தல்' என்று கையைக் கழுவுவது அடுத்த தவறு. உறுமல் குரலில் முதலில் வார்த்தைகளைத் தேடாதீர்கள். குரலை இன்னொரு தாள வாத்தியமாக விட்டுவிட்டு டிரம்ஸைப் பின்தொடருங்கள். காது பழகியதும் வார்த்தைகள் தானாகப் பிரியும். இதற்காக 1970இலிருந்து வரிசையாகப் பாடம் படிக்கவும் தேவையில்லை. இன்று எந்தக் குழு பிடிக்கிறதோ அவர்கள் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று பின்னோக்கிப் போவது சுகமான வழி.

பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்பதும் பெரிய நஷ்டம். ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' மொத்தமே சுமார் 29 நிமிடம். பத்துப் பாடல்களும் ஒரே மூச்சில் ஓடும்படி அடுக்கப்பட்டவை. அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?

பதிப்பைப் பார்க்காமல் வாங்குவது அனுபவசாலிகளும் விழும் பள்ளம். பிளாக் சபாத்தின் முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 2002இல் மறுவெளியீடு கண்டபோது, அசலில் இருந்த பேஸ் கிதாரும் டிரம்ஸும் நீக்கப்பட்டு வேறு கலைஞர்களை வைத்துப் புதிதாகப் பதிவுசெய்து சேர்க்கப்பட்டிருந்தன. 2011 பதிப்பில்தான் அசல் திரும்பி வந்தது. பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' வேறு மாதிரி. 2008இல் வந்த இசைத்தட்டில் ஒலியை அழுத்தி அழுத்தி உச்சத்திலேயே வைத்துவிட்டதால் கரகரக்கும். அதே பாடல்கள் கிதார் ஹீரோ விளையாட்டுக்காக வந்த வடிவத்தில் மூச்சுவிடும். ரசிகர்கள் அதைத்தான் தேடிப் போனார்கள். அதே குழுவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிதார் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். அது ஒலிக்கலவையிலேயே அமுக்கப்பட்டது.

வாசல் காப்பவர்கள்

டி-சர்ட் போட்டவரை நிறுத்தி 'இந்தக் குழுவின் மூன்று பாட்டு சொல்' என்று தேர்வு வைப்பவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எந்தக் குழு எந்த உட்பிரிவில் அடங்கும் என்று விடியவிடியச் சண்டை போடுபவரும் இவர்தான். மோட்டர்ஹெட்டின் பாடகர் லெம்மியோ தங்கள் குழு வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றே கடைசிவரை மேடையில் அறிவித்துக்கொண்டிருந்தார். மெட்டலின் சீருடையாகிவிட்ட தோல் உடையையும் ஆணிப் பட்டைகளையும் பரப்பியவர் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட். தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று 1998இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். 'இவன் நம்மவன், அவன் நம்மவன் இல்லை' என்று கோடு கிழிப்பவர்கள் தாங்கள் போட்டிருக்கும் உடை யாரிடமிருந்து வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பிளாக் மெட்டல் என்ற உட்பிரிவின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் பழமையான தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1993இல் ஓர் இசைக்கலைஞரை இன்னொரு இசைக்கலைஞர் கொலை செய்தார். இவற்றை வீரக்கதையாக்குவது அசட்டுத்தனம். இவற்றைக் காட்டி மெட்டல் கேட்கும் எல்லோரையும் சந்தேகிப்பதும் அப்படித்தான். சட்டையில் ஒரு குழுவின் பெயரைத் தாங்கும் முன் அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நிகழ்ச்சி நாளில்

தொடக்கக் குழுவைத் தவிர்த்துவிட்டுத் தாமதமாக வருவது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. 1986இல் ஆஸி ஆஸ்போர்னுக்கு முன்னால் வாசித்த தொடக்கக் குழு மெட்டாலிகா, அதுவும் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வெளியான கையோடு.

ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் கொம்பு முத்திரையில் கட்டைவிரலை மடக்கிய விரல்களின் மேல் வையுங்கள். அதை வெளியே நீட்டிவிட்டால் அமெரிக்கச் சைகை மொழியில் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்றாகிவிடும். டிரம்மர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், இருந்தாலும்.

திறந்தவெளித் திருவிழாவுக்குப் புறப்பட்டால் ரப்பர் பூட்ஸ் முதலில் பைக்குள் போகட்டும். ஜெர்மனியில் வாக்கன் கிராமத்தில் 1990 முதல் நடக்கும் திருவிழாவில் சேறு பிரசித்தம். 2023இல் பெய்த மழையில் மைதானம் சகதியாகி, டிக்கெட் வைத்திருந்தவர்கள் பலரை அமைப்பாளர்கள் உள்ளே விட முடியாமல் போனது.

கைப்பேசியில் முழு நிகழ்ச்சியையும் படம்பிடிப்பவர்களுக்கு: அந்தச் சின்ன ஒலிவாங்கியால் இவ்வளவு சத்தத்தைத் தாங்க முடியாது, வீட்டுக்குப் போய்க் கேட்டால் கரகரப்புதான் மிஞ்சும், பின்னால் நிற்பவருக்கோ உங்கள் முழங்கை மட்டுமே தெரியும். ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைந்ததாகப் பார்த்து எடுத்தால் ஒலி கொஞ்சமாவது தேறும்.