ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நல்ல கேஜன் சாப்பாட்டைத் தேடிப் போகும் வழி

வீடு பிடித்து, பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்கும் போய்வந்த பிறகு முதல் நீண்ட விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், எல்லோரும் நியூ ஆர்லியன்ஸ் என்பார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் நியூ ஆர்லியன்ஸ், பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைப்பக்குவங்கள் நகரத்தில் கலந்து உருவான கிரியோல் சமையலின் ஊர். கேஜன் சாப்பாடு வேண்டுமென்றால் அதற்கு முன்பே, ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் மூன்றரை மணி நேரத்தில் வரும் லாஃபயெட்டில் வண்டியை நிறுத்துங்கள். 1755 முதல் பிரிட்டிஷார் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டிய பிரெஞ்சு பேசும் அகேடியர்களின் வழிவந்தவர்கள்தான் கேஜன் மக்கள். தென் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் கிடைத்ததைக் கொண்டு சமைத்துப் பழகியவர்கள்.

மிளகாய்ப்பொடி தூவியதெல்லாம் கேஜன் ஆகிவிடாது. நம் நாக்குக்கு அந்தக் காரம் மிதமாகத்தான் இருக்கும். கம்போ என்ற குழம்பின் உயிர் 'ரூ'வில் இருக்கிறது. மைதாவையும் எண்ணெயையும் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கரும்பழுப்பு நிறம் வரும்வரை வறுப்பார்கள். பிறகு வெங்காயம், செலரி, குடைமிளகாய். சோற்றின் மேல் ஊற்றித்தான் தருவார்கள். தக்காளிச் சிவப்பில் வந்தால் அது பெரும்பாலும் கிரியோல் கைப்பக்குவம்.

சோறு அங்கே வெறும் துணை அல்ல. கிரௌலி ஊரைச் சுற்றி நெல்வயல்தான். கோடையில் அறுவடை முடிந்ததும் இலையுதிர் காலத்தில் அதே வயலில் தண்ணீர் கட்டி, கிராஃபிஷ் வளர்க்கிறார்கள். சின்னச் சிங்கி இறால் போலிருக்கும் இந்த நன்னீர் உயிரி, மார்ச் முதல் மே வரைதான் நன்றாகப் பருத்து, மலிவாகவும் கிடைக்கும். ஆகஸ்டில் போய்க் கேட்டால் பெரும்பாலும் உறைய வைத்ததுதான் வரும். அவித்த கிராஃபிஷை எடைக்கணக்கில் தட்டு நிறையக் கொட்டுவார்கள். ஓட்டை உடைத்துக் கையால் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூடான் (boudin) என்ற சாசேஜுக்கு உணவகம் தேடாதீர்கள். பன்றி இறைச்சி, ஈரல், சோறு சேர்த்துக் குடலில் அடைத்த இந்தப் பண்டம் பெட்ரோல் பங்குகளிலும் இறைச்சிக் கடைகளிலும்தான் சூடாகக் கிடைக்கும். லாஃபயெட்டை ஒட்டிய ஸ்காட் ஊரில் வெளியேறினால் கடைக்குக் கடை வாசம் வரும். மதியச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பதினொரு மணிக்கே போய்விடுங்கள். நல்ல அயிட்டம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல கடைகள் மாலையில் திறப்பதே இல்லை.

பன்றி சாப்பிடாதவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டே வாங்குங்கள். பீன்ஸிலும் கீரையிலும்கூட இறைச்சித் துண்டு கிடக்கும். இறால் கம்போவில் ஆண்டூயி என்ற புகையூட்டிய பன்றி சாசேஜ் சேர்ப்பதும் உண்டு. கிராஃபிஷ் பூடானின் உறைகூடப் பெரும்பாலும் பன்றிக்குடல்தான். கிராஃபிஷ் அவிக்கும் அண்டாவிலும் சாசேஜ் போடுவார்கள். 'வெஜிடேரியனா' என்று பொதுவாகக் கேட்காமல், 'இதில் பன்றி, சாசேஜ், இறைச்சி வேகவைத்த தண்ணீர் ஏதாவது உண்டா' என்று நேராகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் சொல்வார்கள். சுத்த சைவக்காரர்கள் வண்டியில் புளிசாதம் எடுத்துப் போவதே நல்லது.

மீன், இறால் சாப்பிடுபவர்களுக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமைதான் சரியான நாள். கேஜன் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அன்று இறைச்சியைத் தவிர்ப்பார்கள். கடைகளிலும் கிராஃபிஷ் எட்டூஃபே (சோற்றின் மேல் ஊற்றும் கெட்டிக் குழம்பு), பொரித்த கெளுத்தி, இறால் என்று பலகை நிறைந்திருக்கும். கிராஃபிஷ் பருவமும் அப்போதுதான்.