பழைய ஃபோர் வீல் ஜீப்பைக் குறைந்த செலவில் தேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடி, கம்பம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய மகிந்திரா எவ்வளவு உழைக்கும் என்று. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைப் பாதையில் இன்றும் ஓடுவது ஜீப்தான். வில்லிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கால ஜீப்பின் வழி வந்த அந்த வடிவத்துக்கு இன்னொரு பெரிய சௌகரியமும் உண்டு. எல்லாவற்றையும் ஸ்பேனரால் கழற்றலாம், பாகம் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். அதனால் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மகிந்திராவின் ஒரு எம்எம் 540-ஐயோ சிஜே 500-ஐயோ வாங்கித் தேற்றலாம் என்று பலர் இறங்குகிறார்கள். பாதியில் பணம் தீர்ந்து, தார்ப்பாய் மூடி நிற்கும் ஜீப்புகளும் ஊருக்கு ஒன்றாவது இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் செலவு செய்த வரிசைதான் தப்பு. முதல் மாதமே பெயின்ட், அலாய் வீல், லைட் பார். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வரும்போது பை காலி.

வண்டி வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று. நாலு சக்கரத்துக்கும் சக்தி தரும் ஃபோர் வீல் லீவர் இருக்கிறது, அப்படியென்றால் ஃபோர் வீல் வேலை செய்யும் என்று நம்பிவிடுவது. முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வருடக்கணக்காக ஓடிய ஜீப்புகள் ஏராளம். மகிந்திரா இதே வண்டிகளை டூ வீல் டிரைவாகவும் விற்றது என்பதால், பிறகு ஃபோர் வீல் ஏற்றியவையும் சந்தையில் உண்டு. அடியில் படுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் இருக்கிறதா, ஃபோர் வீல் போட்டு மெதுவாக நகர்த்தினால் அது சுற்றுகிறதா, லோ கியர் விழுந்து நிற்கிறதா, இல்லை பாரம் வந்ததும் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வருகிறதா. இதெல்லாம் தெரியாமல் விலை பேசாதீர்கள்.

பேப்பரையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் ஆர்சி புக்கோடு பொருந்த வேண்டும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றி, புக்கில் மாற்றாமல் விட்ட வண்டி மலிவாகத்தான் வரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பிடிபட்டால் அபராதம் ஒரு பக்கம், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து, 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய ஜீப், கார் வகைக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. இதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிமாநில வண்டி என்றால் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய வரியும் தனி.

அடுத்தது சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். அடியில் கறுப்பு கோட்டிங் புதிதாக அடித்து பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருவேறிய இடம் மந்தமாகக் கேட்கும். குறிப்பாக ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம், ஸ்பிரிங்கைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் தொங்கும் இடம், கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேரும் மூலை, இந்த மூன்றையும் மண்ணைச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். விரிசல் மேலேயே ஒரு தகடை வைத்துப் பற்றவைப்பது செலவைத் தள்ளிப் போடுவதுதான். விரிசலின் முனையில் துளை போட்டு, விரிசலின் வாயை அகலப்படுத்தி வெல்டிங்கால் நிரப்பி, அப்புறம்தான் தகடு வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றச் சொல்லுங்கள். மறந்தால் ஆல்டர்னேட்டர் போகும்.

பிரேக்கில் மிச்சம் பிடிப்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். நாலு பக்கமும் டிரம் பிரேக் உள்ள வண்டி, மலையில் இறங்கப் போகிறது. மாஸ்டர் சிலிண்டருக்கு மட்டும் ரப்பர் கிட் போட்டுவிட்டு, வீல் சிலிண்டர்களை அப்படியே விடுகிறார்கள். மேலே புது ரப்பரின் அழுத்தம் வந்ததும் கீழே பழையது கசியத் தொடங்கும். நாலு வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த பைப், எல்லாவற்றையும் ஒரே முறையில் முடித்துவிடுங்கள். மொத்தமாகப் பார்த்தாலும் ஒரு செட் டயர் விலைக்குக் கிட்டவே வராது. பிரேக் ஆயில் குறைந்தால் அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி, சிலிண்டர் இறுகி, பிரேக் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும். அப்படி ஒரு முறை ஊற்றிவிட்டால் எல்லா ரப்பரையும் மாற்றியே ஆக வேண்டும்.

பின் டிரம்மைக் கழற்றினால் லைனிங் எண்ணெயில் ஊறியிருப்பது பழைய ஜீப்புகளில் வழக்கமான காட்சி. ஆயில் சீல் போய்விட்டது என்று சீலை மாற்றுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி கசியும். ஆக்ஸில் குழாயின் மேல் ஒரு சிறிய மூச்சுக்குழல் இருக்கிறது, பிரீத்தர் என்பார்கள். அதில் சேறு அடைத்துவிட்டால், ஓடி ஓடி உள்ளே சூடேறிய காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். பிரீத்தரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்க்கக் காசே ஆகாது. சீலை வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடச் சொல்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள், அது புதிதாகத்தான் போட வேண்டும்.

பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும், சக்கரத்தை அல்ல. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருண்டுவிடும். சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அடியில் போகவே கூடாது.

இன்ஜினைப் பற்றி. ஸ்டார்ட் ஆகச் சிரமம், புகை, இழுப்பு இல்லை என்றதும் ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் வேலை) என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். பட்ஜெட்டில் பாதி அங்கேயே போய்விடும். எம்எம் 540-இல் வரும் 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு. அதில் இரண்டு எரிந்துபோயிருந்தாலே மலைக் குளிரில் காலையில் இன்ஜின் எடுக்க மறுக்கும். டீசல் லைனில் எங்காவது காற்று இழுத்தாலும் அப்படித்தான். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டரும் நாசிலும் (டீசலைப் பீய்ச்சும் முனை) பம்ப் செட்டிங்கும். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, நாசிலையும் டைமிங்கையும் பாருங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால்தான் ரிங், வால்வு கைடு பக்கம் போக வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டால் உள்ளிருந்து புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்று பார்க்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, நாலு சிலிண்டர் அளவையும் தாளில் எழுதி வாங்கிய பிறகு மட்டும் இன்ஜினைத் திறக்கச் சம்மதியுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால், லேத் வேலை, ஹெட் வேலை, பம்ப் வேலை மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆக்ஸிலையோ கிரௌன் பினியனையோ (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடி) மாற்றும்போது ஒரு பெரிய பொறி இருக்கிறது. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே ரேஷியோவாக (சக்கரங்கள் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்ற கணக்கு) இருந்தாக வேண்டும். போர்க்கால வில்லிஸுக்கு 4.88, அதற்குப் பின் வந்த சிஜே வகை ஜீப்புகளுக்கு 5.38 என்று வேறு வேறாக வந்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போனால், ஃபோர் வீல் போட்ட நொடியிலிருந்து இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுக்கும். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பாகம் எடுத்து வந்தால், பூட்டிய பின் இப்படிச் சோதியுங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். புரோப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்தே கால் சுற்றைத் தாண்டினால் 5.38, ஐந்து நிறையாமல் நின்றால் 4.88. முன்னாலும் இதையே செய்யுங்கள், முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதை லாக்கில் வைத்துக்கொண்டு.

டயரும் இதே கணக்குதான். முன்னால் தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி என்று போட்டால் சுற்றளவு மாறி அதே இழுபறி வரும். பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்றத்தில் இழுப்பு குறையும், ஸ்டியரிங் கனக்கும், ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் கிராஸுக்கும் (ஷாஃப்ட் மடங்கும் மூட்டு) பாரம் கூடும், அந்தச் சின்ன டிரம் பிரேக்கால் நிறுத்தவும் முடியாது. 16 இஞ்சில் ஒல்லியான டயரே சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் படபடவென்று அடித்தால் டேம்பர் ஒன்றைப் பூட்டி அடக்கிவிடுவார்கள். ஆட்டம் அடங்கும், தேய்மானம் உள்ளே தொடரும். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு), வீல் பேரிங் தேய்மானம் தெரியும்; பக்கவாட்டில் ஆட்டினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) தேய்மானம் தெரியும். ஸ்பிரிங் புஷ்ஷையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆயிலில் சிறிய விஷயம்: டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில், கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில். ஒரே டப்பாவை எல்லாவற்றிலும் ஊற்றினால், கியர் பாக்ஸில் உள்ள பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஜிஎல்-5 ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இவ்வளவும் சரியாக முடித்து வண்டியை எடுத்த பிறகு, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் முடியாது. அந்த முறுக்கு முழுவதும் கிராஸுக்கும் கியருக்கும் போகும், லீவரும் இறுகிவிடும். அப்படி இறுகினால் லீவரை உதைக்காதீர்கள். ரிவர்ஸில் சில அடி நேராகப் போங்கள், முறுக்கு விட்டதும் லீவர் தானே வரும்.