பழைய எலக்ட்ரானிக் டிரம் செட்: மலிவாக வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

ஆர்வத்தோடு வாங்கிச் சில மாதங்களிலேயே மூலையில் ஒதுக்கப்படும் வாத்தியங்களில் எலக்ட்ரானிக் டிரம் செட்டும் ஒன்று. அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால், யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்ற நிலைக்கு உரிமையாளர் வந்துவிடுகிறார். விலை இறங்குவதும் அப்போதுதான். அதிகம் அடி வாங்காத செட்டும் இப்படிக் கிடைக்கும், ஓட்டை உடைசலும் இப்படியே கிடைக்கும். குச்சியால் அடிக்கும் தட்டுகளான பேடுகளிலும், கேபிள்களிலும் உள்ள குறை விலையைக் குறைக்க உதவும். அடிகளை ஒலியாக்கும் பெட்டியான மாட்யூலிலோ, காலால் திறந்து மூடும் சிம்பலான ஹை-ஹேட்டிலோ குறை இருந்தால் அந்தச் செட்டை விட்டுவிடுவதே நல்லது. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் இந்த இரண்டு வகைக் குறைகளையும் பிரித்தறிவதற்காகத்தான்.

பார்க்கப் போவதற்கு முன் மாட்யூலின் மாடல் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அதன் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பேடு எந்தத் துளையில் இணைய வேண்டும், எதற்கு விளிம்பு ஒலி (விளிம்பில் அடித்தால் வரும் தனி ஒலி) உண்டு, எதற்கு இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவரிடம் ஒரு வேண்டுகோளையும் மறக்காமல் வையுங்கள்: நீங்கள் வாசித்துப் பார்க்கும்வரை செட்டைக் கழற்றக் கூடாது. கழற்றிப் பையில் கட்டி வைத்த செட்டைச் சோதிக்க வழியில்லை. "நேற்றுவரை நன்றாக ஓடியது" என்ற வாக்குறுதியை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. குச்சிகள், திருகுகளை முடுக்கும் டிரம் சாவி, உங்கள் சொந்த ஹெட்போன், அதை 6.35 மில்லிமீட்டர் துளையில் செருக உதவும் இணைப்பான், இருபுறமும் 6.35 மில்லிமீட்டர் முனையுள்ள ஸ்டீரியோ கேபிள் ஒன்று ஆகியவை போதும். பாஸ் டிரம் பேடைக் காலால் அடிக்கும் பாஸ் பெடலும் இருக்கையும் பல செட்டுகளோடு வருவதில்லை என்பதால், பெடலையும் இரவல் வாங்கியாவது எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் மாட்யூல். அடாப்டர் அதனுடன் வந்ததுதானா என்று பாருங்கள். வோல்டேஜ், ஆம்பியர் ஆகியவற்றோடு, முனையின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் மாட்யூலில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். திரை மங்கலாக இருக்கிறதா, பொத்தான்கள் ஒரே அழுத்தத்தில் வேலை செய்கின்றனவா, குமிழைத் திருகும்போது எண்கள் தாவுகின்றனவா, ஹெட்போன் முனையை மெல்லச் சுழற்றும்போது ஒரு காதில் ஒலி அறுகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். பிறகு, விற்பவரின் அனுமதியோடு, மாட்யூலைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள். செத்துக்கொண்டிருக்கும் பேடைக்கூட உணர்திறனை ஏற்றிவைத்து நல்ல பேடுபோல் காட்ட முடியும் என்பதால், இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து ஒவ்வொரு பேடையும் மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஓங்கி அடியுங்கள். ஒலியும் அதே படிகளில் ஏற வேண்டும். பேடுகளுக்குள் அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ சென்சார் இருக்கிறது. அடிக்கும் பரப்பு வலையாலான மெஷ் பேடுகள் பலவற்றில் அதன்மேல் ஒரு ஸ்பாஞ்ச் கூம்பு நடுவில் வலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அது நைந்துபோனால் நடுவில் அடிக்கும்போது ஒலி வெடிக்கும், ஓரத்தில் தேயும், சில வேளை ஒரே அடிக்கு இரண்டு ஒலி வரும். கூம்பும் பியசோவும் மலிவானவை, வலையையும் மாற்றலாம். ஒரு பேடை அடிக்கும்போது இன்னொன்று ஒலித்தால் அது பெரும்பாலும் மாட்யூலின் அமைப்பில் உள்ள சிக்கலே.

ஒரு பேடு ஒலிக்கவே இல்லை என்றால் உடனே உதட்டைப் பிதுக்க வேண்டாம். அதன் கேபிளை எடுத்துவிட்டு நீங்கள் கொண்டுவந்த கேபிளைச் செருகுங்கள். ஒலி வந்தால் குற்றவாளி கேபிள். வராவிட்டால், நன்றாக ஒலிக்கும் இன்னொரு பேடின் கேபிளைக் கழற்றி இந்தப் பேடில் மாட்டிப் பாருங்கள்: இப்போது ஒலித்தால் பேடு நலம், மாட்யூலின் அந்தத் துளைதான் செத்திருக்கிறது; அப்போதும் ஒலிக்காவிட்டால் பழுது பேடில். துளை செத்த மாட்யூலை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், நான் வாங்க மாட்டேன். விளிம்பு ஒலி மட்டும் வரவில்லை என்றால், ஸ்டீரியோ கேபிளுக்குப் பதில் யாரோ மோனோ கேபிளைச் செருகியிருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாக் கேபிள்களும் ஒரே கொத்தாகப் பல ஊசிகள் கொண்ட ஒற்றை முனையில் சேரும் மாடல்களில், ஊசி எதுவும் வளையவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொத்துக்குச் சாதாரண கேபிள் மாற்றாகாது.

சிம்பல்களை அடித்தவுடன் விளிம்பைக் கையால் பிடியுங்கள். ஒலி உடனே அடங்க வேண்டும். ஹை-ஹேட்டுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பெடலை முழுதும் திறந்து, பாதி மூடி, முழுதும் மூடி அடித்துப் பாருங்கள். பின்பு குச்சியில்லாமல் காலால் மட்டும் மூடுங்கள். எளிய மாடல்கள் சிலவற்றில் பாதி நிலையே கிடையாது. அதைக் கையேட்டில் சரிபார்த்த பிறகே பழுது என்று முடிவு செய்யுங்கள். நான் வாங்கிய முதல் செட்டில் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தேன். வீட்டில்தான் மூடிய ஹை-ஹேட் தானாகத் திறப்பது தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் ஹை-ஹேட் இன்னொரு நிறுவனத்தின் மாட்யூலோடு சரியாகப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பேடுகளைத் தாங்கும் சட்டமான ரேக்கில், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் விரிசல் விட்டிருக்கின்றனவா, திருகுகள் உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

மாட்யூலின் ஒலிகள் பழையவை என்பதற்காக நல்ல செட்டை விட்டுவிடாதீர்கள். மெஷ் பேடுகளோடு ரோலண்ட் நிறுவனத்தின் டிடி-10 மாட்யூல் வந்தது 1997இல். வாத்தியங்களும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்ள 1983இல் அறிமுகமான மிடி இணைப்பு அதன் காலத்து மாட்யூல்களிலும் உண்டு. அதன்வழி கணினியில் உள்ள டிரம் மென்பொருளை இயக்கினால், மாட்யூல் அனுப்புவது எந்தப் பேடு, 1 முதல் 127 வரையில் எவ்வளவு வேகம் என்ற செய்தி மட்டுமே, ஒலி மென்பொருளுடையது. யூஎஸ்பி இல்லாத மாட்யூலுக்குத் தனியாக ஒரு மிடி இடைமுகம் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விலை பேசும்போது, விற்பவர் அன்று கொடுத்த தொகையிலிருந்து தொடங்காதீர்கள். அதே தரத்தில் இன்று புதிதாகக் கிடைக்கும் செட்டின் விலையிலிருந்து தொடங்குங்கள். இல்லாத பெடல், இருக்கை, அடாப்டர், மாற்ற வேண்டிய வலை என ஒவ்வொன்றின் விலையையும் எழுதிக் கூட்டிக் காட்டினால், பேரம் சண்டையாகாமல் முடியும். பேசி முடித்தபின், கழற்றுவதற்கு முன் நாலா பக்கமும் படம் எடுத்து, கேபிள்களில் பெயர் ஒட்டி, திருகுகளை ஒரே பையில் போட்டு, மாட்யூலைத் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.