மாணவர் சந்தையில் பெரியவர்கள் விடும் பிழைகள்

பிள்ளைகளே பொருள் செய்து விற்கும் பள்ளிக்கூடச் சந்தை தொடங்கிப் பத்து நிமிடத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்தால் அதிபருக்குச் சந்தோஷம், படம் எடுக்க வந்த பெற்றோருக்கும் சந்தோஷம். எனக்கு அப்போதுதான் சந்தேகம் வரும். வடை சுட்டது அம்மா, விலை சொன்னது அப்பா, வாங்கித் தின்றது பக்கத்து மேசைப் பிள்ளையின் அன்ரி. பிள்ளை காசை வாங்கிப் பெட்டியில் போட்டதோடு சரி. முயற்சியாண்மை படிப்பிக்கிறோம் என்று கொழும்பில் நாங்கள் செய்யும் முதல் பிழை இது.

அதைவிடப் பெரியது கிரயத்தை, அதாவது செலவுக் கணக்கை, பாதியில் விடுவது. தரம் 8 குழு ஒன்று 2 கிலோ கடலையை 1,200 ரூபாவுக்கு வாங்கிச் சுண்டல் செய்தது. 40 கப், ஒன்று 50 ரூபா, வரவு 2,000. "800 ரூபா இலாபம் ரீச்சர்!" கைதட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். கொப்பியை எடுக்கச் சொன்னேன். வீட்டுத் தேங்காய் 180, எண்ணெய், செத்தல் மிளகாய், வெங்காயம் 200, கடதாசிக் கப் 240, சட்டியைக் கொண்டுவந்த ஓட்டோ 400. கடலையோடு சேர்த்து மொத்தம் 2,220. காஸைக் கணக்கில் சேர்க்காமலே 220 ரூபா நட்டம். "அம்மா விடிய எழும்பி அவிச்சதுக்குக் கூலி இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். "அம்மா காசு கேட்கமாட்டா" என்றான் மற்றவன். அந்தப் பாடவேளை முழுதும் அந்தச் சண்டையிலேயே போனது. பாடத்திட்டம் ஒரு நாள் பிந்தியது, பிந்தட்டும்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் நட்டத்தை மூடி மறைக்கிறோம். பிள்ளை அழுமே என்று ரீச்சர் தன் பேர்ஸைத் திறப்பார், அப்பா "நான் போட்ட காசை விடு" என்பார். திருப்பித் தரத் தேவையில்லாத முதலுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? 1919இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மெண்ட் என்ற மாணவர் அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மாணவர்களே சிறு கம்பனி அமைத்து, பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் செய்து விற்று, கடைசியில் கம்பனியை மூடிக் கணக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் 50 ரூபாப் பங்கு விற்றோம். பங்கு வாங்கிய வகுப்புத் தோழன் தினமும் வந்து "என் காசு எங்கே?" என்று கேட்பான். என் சிவப்புப் பேனையைவிட அவனுக்குத்தான் பயந்தார்கள்.

கூடிய இலாபத்துக்குப் பரிசு என்று அறிவிப்பதும் வேண்டாம். பிஸ்கட் பெட்டி வாங்கி விலை கூட்டி விற்றவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

சந்தையை ஒரே நாளோடு முடித்துவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். பிழையைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அதைத் திருத்திப் பார்க்க இன்னொரு சந்தை வேண்டும். மூன்று கிழமை இடைவெளி போதும். சுண்டல் குழுவில் இருவரை ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். 4ஆம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை முதலாளியிடம் விலை கேட்பதை அவர்களிடமே விட்டேன். முதல் கடையில் வாயே திறக்கவில்லை. மூன்றாவது கடையில், "10 கிலோ எடுத்தா என்ன விலை?" என்று ஒருத்தி கேட்டாள். வாங்கப் போவது 2 கிலோதான், ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இரண்டாம் சுற்றில் ஓட்டோவை வெட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில் இருப்பவளின் வீட்டில் அவித்து, சட்டியை இருவர் பிடித்து நடந்தே கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு 200 ரூபா கூலி என்று கொப்பியில் ஒரு வரி இருந்தது. விலையை 60 ஆக்கியதில் 7 கப் மிஞ்சிவிட, அதை ஆசிரியர் அறைக்குத் தூக்கி வந்தார்கள். நாங்கள் ஒருவரும் வாங்கவில்லை.